முப்பதைத் தாண்டிக் கராத்தே சேரப் போகிறீர்களா? தண்டையார்பேட்டையிலிருந்து சில குறிப்புகள்

மகளைக் கராத்தே வகுப்பில் விட்டுவிட்டு, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்த அம்மாக்களில் நானும் ஒருத்தி. ஒரு நாள் மாஸ்டர் வந்து, "இங்க சும்மா உக்காந்துனு இருக்கறதுக்கு உள்ள வந்து நின்னா ஆவாதா மேடம்?" என்றார். மற்ற அம்மாக்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் உள்ளே போய் நின்றேன். அப்போது எனக்கு 37 வயது. மகள் ஆறே மாதத்தில் பரதநாட்டியத்துக்குத் தாவிவிட்டாள். நான் ஆறு வருடமாக வகுப்பு நடக்கிற அந்த மொட்டை மாடியில்தான் நிற்கிறேன். இன்னும் கறுப்புக்கு முந்தின பிரவுன் பெல்ட்தான், அவசரமில்லை.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். அங்கே கூட வேலை செய்கிறவர்களும், தெருவில் பார்க்கிறவர்களும் அடிக்கடி கேட்பது: "நானும் சேரலாமாக்கா? இந்த வயசுல முடியுமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதைத்தான் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

எதற்காகச் சேர்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்

உடம்பு குறைய வேண்டும், சுகர் கட்டுக்குள் வர வேண்டும் என்றால் ஏறக்குறைய எந்தக் கிளப்பும் சரிதான். வாரத்துக்கு இரண்டு நாள் வியர்க்க வியர்க்க நின்றாலே பலன் தெரியும். போட்டிக்குப் போக வேண்டும் என்றால் அது வேறு பாதை, அதற்குப் பெரும்பாலும் சின்ன வயது வேண்டும். "நாளைக்கு எவனாவது கையைப் பிடித்தால் விடுவித்துக்கொள்ளத் தெரிய வேண்டும்" என்பதுதான் உங்கள் எண்ணம் என்றால், கிளப்பைத் தேடும்போது கொஞ்சம் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

காரணம் இருக்கிறது. கராத்தே பிறந்தது ஜப்பானின் தெற்கே இருக்கும் ஒக்கினாவா தீவில். ஆளுக்கு ஆள் பிடித்து, இழுத்து, கிட்டத்தில் நின்று சண்டை போடுகிற வித்தையாக இருந்ததை, 1900களின் தொடக்கத்தில் அன்கோ இடோசு என்ற ஆசிரியர் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுபோனார். ஐம்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சொல்லிக்கொடுக்க வேண்டுமே. ஆபத்தான பிடிகளெல்லாம் பின்னால் போய், எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரே மாதிரி கையை வீசுவது முன்னால் வந்தது. அவருடைய மாணவர் கிச்சின் ஃபுனகோஷி 1922இல் டோக்கியோவில் செய்து காட்டிய பிறகு ஜப்பான் முழுக்கப் பரவியதும் பெரும்பாலும் இந்த வடிவம்தான். நம் ஊரில் கார்ப்பரேஷன் மைதானத்திலும் கல்யாண மண்டபத்திலும் சாயங்காலம் நடக்கிற வகுப்புகளில் முக்கால்வாசி இன்னும் அதே பள்ளிக்கூட டிரில்தான். பிள்ளைகளுக்கு அது நல்லது. நமக்கு அதோடு, பின்னால் போன அந்தப் பிடிகளும் திரும்ப வேண்டும்.

கிளப்பைத் தேர்ந்தெடுப்பது

ஷோட்டோகான், கோஜு ரியூ, ஷிட்டோ ரியூ என்று பலகைகளில் என்னென்னவோ எழுதியிருக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஷோட்டோகானில் கால்களை அகலமாக வைத்து நீளமாகப் பாய்வார்கள். கோஜுவில் கிட்டத்தில் நின்று மூச்சோடு செய்வார்கள். கியோகுஷின் என்றால் நிஜமாகவே அடித்துப் பழகுவார்கள், ஆனால் முகத்தில் கையால் குத்தக் கூடாது என்பது அவர்கள் விதி. புதிதாக வருகிறவருக்கு இந்த வித்தியாசம் முதல் ஒரு வருடத்தில் பெரிதாகப் படாது.

படுவது தூரம். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், இல்லை, மெட்ரோவில் இரண்டு ஸ்டேஷன் தூரத்தில் இருப்பதைப் பாருங்கள். 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு திருவொற்றியூர்க்காரர்கள் தண்டையார்பேட்டைக்கு வருவது சுலபமாகிவிட்டது. ஆனால் வியாசர்பாடியில் இருந்துகொண்டு எண்ணூரில் பெரிய மாஸ்டர் இருக்கிறார் என்று போனால் மூன்றாவது வாரம் நின்றுவிடும். ஆபீஸ் விட்டு, பஸ் பிடித்து, சாதம் வடித்து வைத்துவிட்டு வருகிறவர்களுக்குப் பதினைந்து நிமிடம்கூடப் பெரிய விஷயம்.

சேருவதற்கு முன் ஒரு வகுப்பையாவது ஓரமாக உட்கார்ந்து முழுசாகப் பாருங்கள். பார்க்க விடமாட்டேன் என்றால் அங்கேயே திரும்பிவிடலாம். என்ன பார்ப்பது? பெரியவர்கள் இருக்கிறார்களா, இல்லை எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே ஒரே ஒரு அங்கிள் நிற்கிறாரா. யாராவது வலிக்கிறது என்று தட்டினால் எதிராளி உடனே விடுகிறாரா. மாஸ்டர் ஒருவரைத் தொட்டுத் திருத்தும்போது கேட்டுவிட்டுத் தொடுகிறாரா. பெண்கள் என்றால் இதை முக்கியமாகக் கவனியுங்கள். அப்புறம், ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் இரண்டு பேர் ஒருவரையொருவர் தொட்டுப் பழகுகிறார்கள் என்று மணி பாருங்கள். கடைசிவரை எல்லோரும் காற்றைத்தான் குத்திக்கொண்டிருந்தார்கள் என்றால் அது உடற்பயிற்சி வகுப்பு. அதில் தப்பில்லை, தெரிந்துகொண்டு சேருங்கள்.

பணத்தை முதலிலேயே கேட்டுவிடுங்கள். மாதக் கட்டணம் மட்டும் சொல்லுவார்கள். சேர்க்கைக் கட்டணம், டிரெஸ், ஒவ்வொரு பெல்ட் டெஸ்டுக்கும் எவ்வளவு, சான்றிதழுக்குத் தனியா, கேம்ப் என்று ஏதாவது கட்டாயமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற மாஸ்டரிடம் சேர வேண்டாம். பிள்ளைகளுக்கு விளையாட்டு ஒதுக்கீடு எண்ணம் இருந்தால் சான்றிதழ் எந்தச் சங்கத்தினுடையது என்று பார்க்க வேண்டும். நமக்கு அந்தக் காகிதம் பீரோவில்தான் இருக்கப்போகிறது.

நடுவில் ஒரு மூன்று மாதம் வேலை காரணமாக வேறு ஏரியாவில் இருந்தபோது, அங்கே ஒரு கிளப்பில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். முதல் நாளே வாத்து நடையும் தவளைத் தாவலும் ஐம்பது ஐம்பது. சிமென்ட் தரை. நாற்பதைத் தொடப்போகிற முட்டிக்கு அது தாங்குமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, அது என் தப்பு. இரண்டாவது வாரம் இடது முட்டி வீங்கியது. ஒரு மாதம் மாடிப்படியில் பக்கவாட்டில்தான் ஏறினேன். அதே கிளப்பில், மூன்று மாதத்தில் இரண்டு பெல்ட் தாண்ட "ஸ்பெஷல் டெஸ்ட்" உண்டு என்று சொல்லி ஒரு தொகையும் கேட்டார்கள். பெல்ட்டை விற்கிற இடமும் முட்டியை உடைக்கிற இடமும் ஒன்றாக இருந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

"கராத்தேலாம் சும்மா, குத்தினா பாக்ஸிங்தான்"

வடசென்னையில் இதைச் சொல்ல ஒரு தாத்தா ஒவ்வொரு தெருவிலும் இருப்பார். பரம்பரை பரம்பரையாக ரோஷமான குத்துச்சண்டை நடந்த ஊர் இது, அவர்கள் சொல்ல உரிமை இருக்கிறது. நான் சண்டைக்குப் போவதில்லை, ஏனென்றால் பாதி உண்மை. அடி வாங்கினால் எப்படி இருக்கும், அடி வரும்போது கண்ணை மூடாமல் எப்படி நிற்பது என்பதை நல்ல பாக்ஸிங் கிளப் ஆறு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடும். கராத்தேயில் அதற்கு வருடங்கள் ஆகும். ஆனால் கையைப் பிடிக்கிறவனை, முடியை இழுக்கிறவனை, பின்னாலிருந்து அணைக்கிறவனை பாக்ஸிங் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் தெருவில் நல்ல பாக்ஸிங் கிளப்தான் இருக்கிறது, கராத்தே இல்லை என்றால், தாராளமாக அதில் சேருங்கள். சும்மா இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

உடம்பைப் பற்றி நாலு வார்த்தை

பிபி, சுகர், இதயம், முதுகு, முட்டி, பழைய ஆபரேஷன் எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மாஸ்டரிடமும் சொல்லிவிடுங்கள். சிசேரியன் ஆனவர்கள் அதையும் சொல்லுங்கள். வயிற்றுப் பயிற்சியில் வித்தியாசம் இருக்கும்.

சுகர் உள்ளவர்களுக்கு ஒன்று. கராத்தே வெறுங்காலில். மே மாதம் ஆறு மணிக்கும் மாடித் தரை சுடும், மைதானத்தில் சின்னச் சின்னக் கல் இருக்கும். காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கீறினாலும் தெரியாது. வகுப்பு முடிந்ததும் உட்கார்ந்து இரண்டு உள்ளங்காலையும் திருப்பிப் பாருங்கள். மாஸ்டரிடம் சொன்னால் மெல்லிய ஷூ போட்டுக்கொள்ளவும் விடுவார்கள். சுகர் திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ளப் பையில் கொஞ்சம் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கட்டும்.

முதல் மாதம் தொடையும் பின்னங்காலும் வலிக்கும். இந்தியன் டாய்லெட் இருக்கும் வீடு என்றால் முதல் வாரம் கடவுள்தான் துணை. சதையில் மந்தமாக இருக்கிற வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும், அதோடு வரலாம். மூட்டுக்குள் சுருக்கென்று குத்துகிற வலி என்றால் வராதீர்கள், ஓய்வு எடுங்கள். விரல் மடங்கி அடிபட்டு வீங்கினால் "சுளுக்குதான்" என்று உருவிவிட ஓடாமல் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். நமக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி இருக்கிறது, கை அறுவை சிகிச்சைக்குப் பேர்போன ஆஸ்பத்திரி.

டிரெஸ், மெட்டி, தாலி

முதல் மாதம் டிராக் பேன்ட், டி ஷர்ட் போதும். நின்றுவிடுவீர்களா, தொடர்வீர்களா என்று தெரிந்த பிறகு வெள்ளை டிரெஸ் வாங்கலாம். கிளப்பிலேயே தருவார்கள். இல்லாவிட்டால் நேரு ஸ்டேடியத்தை ஒட்டிப் பெரியமேட்டில் விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன, போய்ப் போட்டுப் பார்த்தே வாங்கலாம். காட்டன் என்றால் ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள், முதல் துவையலில் சுருங்கிவிடும். கராத்தே டிரெஸ்ஸை ஒரு தடவை போட்டுவிட்டு மடித்து வைக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது மறுநாளே தன் கதையைச் சொல்லிவிடும்.

மோதிரம், வளையல், தொங்கட்டான், வாட்ச் எல்லாம் வீட்டிலேயே. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். எதிராளியின் கழுத்தில் முதல் கீறலைப் போட்டபோதுதான் எனக்கு அது புரிந்தது. மெட்டி பெரிய பிரச்சினை. உதைக்கும்போது எதிராளிக்கும் கிழிக்கும், அடி வாங்கப் பிடிக்கிற மெத்தையான பேடில் மாட்டினால் உங்கள் விரலும் போகும். கழற்ற மனம் வராதவர்கள் மேலே மருத்துவ டேப் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளலாம். தாலிக்கு எங்கள் வகுப்பில் மூன்று வழி. சிலர் கழற்றிப் பர்ஸில் வைக்கிறார்கள். சிலர் மஞ்சள் கயிற்றில் மட்டும் கோத்து டி ஷர்ட்டுக்குள் விட்டு ஊக்குப் போடாமல் டேப் ஒட்டுகிறார்கள். நான் கழற்றி வைக்கிறேன். முதல் வாரம் மாமியார் முகம் ஒரு மாதிரி இருந்தது. அவர் இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை. மூன்றாவது வழி, கழுத்தைப் பிடிக்கிற பயிற்சி வரும்போது மட்டும் ஒதுங்கி நிற்பது. அதைச் செய்யாதீர்கள், நமக்கு வேண்டியதே அதுதான். ஹிஜாப் போடுகிறவர்கள் ஊசி குத்தாமல், தலையோடு ஒட்டுகிற ரகத்தைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். எந்தத் தொந்தரவும் இல்லை.

முதல் நாள்

செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உள்ளே நுழையும்போது ஒரு வணக்கம் போல இடுப்பிலிருந்து குனிய வேண்டும். வரிசையில் பெல்ட்படி நிற்பார்கள். நீங்கள் கடைசி. உங்களுக்கு முன்னால் நிற்கிற பிரவுன் பெல்ட்டுக்குப் பதினான்கு வயதுதான் இருக்கும். அவன் வந்து, "அக்கா, முட்டிய மடக்குங்க, தோள எறக்குங்க" என்பான். மடக்குங்கள், இறக்குங்கள். ஆபீஸில் உங்களுக்குக் கீழே எட்டுப் பேர் இருக்கலாம், இங்கே அவன்தான் சீனியர்.

ஜப்பானிய எண்கள் பத்துதான்: இச்சி, நி, சான், ஷி, கோ, ரோக்கு, சிச்சி, ஹாச்சி, கியூ, ஜூ. இரண்டு வாரத்தில் வாயில் வந்துவிடும். அடிப்படை அடிகளைத் திரும்பத் திரும்பச் செய்வது கிஹொன். தடுப்பும் தாக்குதலுமாகக் கோர்த்த வரிசையைத் தனியாகச் செய்வது கட்டா. இருவர் எதிரெதிராக நிற்பது குமித்தே. மாஸ்டர் "யாமே" என்றால் நிறுத்து. எது சொன்னாலும் "ஓஸ்" என்று பதில் சொன்னால் பாதிப் பிழைப்பு ஓடிவிடும்.

முஷ்டி பிடிக்கத் தெரியும் என்று எல்லோரும் நினைப்போம். நான்கு விரலையும் நுனியிலிருந்து இறுக்கமாகச் சுருட்டி, கட்டை விரலை வெளியே, ஆட்காட்டி விரல், நடுவிரல் மேல் மடித்து வைக்க வேண்டும். கட்டை விரலை உள்ளே மூடிக்கொண்டு பேடில் குத்திய ஒரு வங்கி ஊழியர் மூன்று வாரம் இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

கத்துவதற்குத்தான் வெட்கமாக இருக்கும். அடியோடு சேர்த்து அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுக்கச் சொல்வார்கள், கியாய் என்று பெயர். வீட்டில் பிள்ளைகளைக் கத்துகிற குரல் எனக்கு அங்கே வரவேயில்லை. கீழ் வீட்டில் வத்தல் காயப்போடுகிற பாட்டி எட்டிப்பார்ப்பாரே என்ற பயம். ஒரு மாதம் ஆனது.

பிடி

இனிதான் நான் சொல்ல வந்தது.

கெடான் பராய் என்று ஒரு கீழ்த் தடுப்பு இருக்கிறது, முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள். வலது கை முன்னால் கீழே நீண்டிருக்கும். இடது கை வலது காதுப் பக்கம் போய், அங்கிருந்து கீழே வீசி இறங்கும். அதே நேரம் வலது கை இடுப்புக்கு இழுபடும். வயிற்றில் வருகிற உதையைத் தடுக்க என்பார்கள். எனக்கு அது ஒரு நாளும் நம்பும்படியாக இல்லை. வேகமாக வருகிற காலை முன்கையால் தட்டினால் உடைவது நம் எலும்புதானே. ஆறேழு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை மாஸ்டர் எங்களை ஜோடி ஜோடியாக நிறுத்தி, "அதே தடுப்பு. இப்ப எதிர்ல இருக்கறவங்க உங்க வலது மணிக்கட்ட புடிக்கட்டும்" என்றார். பிடித்தார்கள். வலது கையை இடுப்புக்கு இழுத்தபடி, இடது முன்கை பிடித்த கையின் மேல் இறங்கியது. பிடி கழன்றது. ஆறு மாதமாகக் காற்றில் வீசிய கை அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தமானது. கட்டாவைப் பிரித்து இப்படி அர்த்தம் பார்ப்பதற்குப் புன்காய் என்று பெயர். கிளப் தேடும்போது "புன்காய் சொல்லித்தருவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். மாஸ்டர் முகம் மலர்ந்தால் நல்ல சகுனம்.

மணிக்கட்டை விடுவிப்பதை மட்டும் மெதுவாக எழுதுகிறேன். வீட்டில் கணவரையோ தங்கையையோ பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். பிடித்தவுடன் நாம் எல்லோரும் செய்வது பின்னால் இழுப்பது. பலம் அதிகமானவன் ஜெயிக்கிற ஆட்டம் அது, ஆகவே இழுக்காதீர்கள். முதலில் பாருங்கள், அவர் கட்டை விரல் எந்தப் பக்கம் இருக்கிறது? நான்கு விரல் சேர்ந்த பக்கம் சுவர் மாதிரி. கட்டை விரலும் மற்ற விரல்நுனிகளும் சந்திக்கிற இடம்தான் கதவு. அடுத்து, உங்கள் மணிக்கட்டு உருண்டை இல்லை, தட்டையானது. அதன் மெல்லிய ஓரத்தை அந்தக் கதவுக்கு நேராகத் திருப்ப வேண்டும். குறுகலான வாசலில் பீரோவை ஏற்றும்போது பக்கவாட்டில் திருப்புவோமே, அதேதான். இப்போது ஒரு அரை அடி அவரை நோக்கியே கால் வைத்து, உங்கள் முழங்கையை அவர் முழங்கைப் பக்கம் மடக்கிக்கொண்டு போங்கள். கை தானாகக் கதவு வழியாக வெளியே வரும். தோளால் இழுக்கவே தேவையில்லை.

சரி, இதைப் படித்ததும் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் நாள் என்னைப் பிடித்தது ஒரு காலேஜ் பெண், பத்துக்குப் பத்து முறை கழன்றது. அடுத்த வாரம் காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிற ஒரு அண்ணன் எதிரில் வந்தார். பிடித்தார். திருப்பினேன், மடக்கினேன், கால் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர் பாவமாகப் பார்த்து, "உட்டுடட்டாக்கா?" என்றார். மாஸ்டர் ஓடி வந்து, "உடாத, உடாத. அக்கா, மொதல்ல அவன் கால மிதிங்க, அப்பறம் கைய பாருங்க" என்றார். அவர் காலின் முன்னெலும்பில் என் குதிகாலை லேசாக வைத்ததும் அவருடைய கவனம் காலுக்குப் போனது. அந்த அரை நொடியில் கை வெளியே வந்தது. அன்றைக்குக் கற்றது மணிக்கட்டைப் பற்றி மட்டும் இல்லை.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் சும்மா பிடிக்கச் சொல்லி அசைவைப் பழகுங்கள். அப்புறம் இறுக்கமாக. அப்புறம் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள், நிஜத்தில் யாரும் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நிற்கப்போவதில்லை. அப்புறம் பிடிக்கிறவர் கத்தட்டும், திட்டட்டும். குரலுக்கே நம் கைகால் உறைந்துபோகும், அதையும் பழக வேண்டும். கடைசியாக, ஒவ்வொரு வகுப்பிலும் வேறு வேறு ஆளிடம். ஒரே தோழியோடு ஜோடி சேர்ந்தால் ஆறு மாதத்தில் இருவருக்கும் பொய்யாக எல்லாம் வந்துவிடும்.

முடியைப் பிடித்தால், பிடித்த கையை உங்கள் இரண்டு கையாலும் தலையோடு அழுத்திக்கொண்டு அவரை நோக்கியே போக வேண்டும், விலகினால் வலி அதிகம். கழுத்து, பின்னாலிருந்து அணைப்பு எல்லாம் வகுப்பில்தான் பழக வேண்டும், எழுத்தில் வராது. அடிக்க வேண்டி வந்தால் முஷ்டியைவிட உள்ளங்கையின் அடிப்பகுதி நமக்குப் பத்திரம். மண்டை ஓட்டில் குத்தினால் உடைவது நம் விரல்தான். முழங்கை, முழங்கால் கிட்டத்தில் நன்றாக வேலை செய்யும். கண் உயரத்துக்கு வட்டமாகச் சுழற்றி உதைப்பதைக் கற்றுக்கொள்ளுங்கள், இடுப்புக்கு நல்லது. ஆனால் புடவையிலும் ஜீன்ஸிலும் அதைத் தெருவில் செய்ய நினைக்காதீர்கள்.

அடிக்கு முன்னால் வருவது

கை நீட்டினால் எட்டாத தூரத்தில் ஆளை நிறுத்துவது முதல் வேலை. இரண்டு கையையும் மார்பு உயரத்துக்கு, உள்ளங்கை வெளியே தெரிகிற மாதிரி தூக்கி, ஒரு கால் பின்னால் வைத்து நில்லுங்கள். பார்க்கிறவர்களுக்குச் சமாதானம் பேசுகிற மாதிரி தெரியும், உங்களுக்கு அது காவல்.

வார்த்தையையும் பயிற்சி செய்ய வேண்டும். "ப்ளீஸ் விடுங்க" என்று மெல்லச் சொன்னால் சுற்றி இருப்பவர்கள் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்துப் பேசாமல் போவார்கள். நம் ஊரில் குடும்பச் சண்டையில் யாரும் நுழைய மாட்டார்கள். அதனால் எங்கள் வகுப்பில் "யார் நீ? கையை எடு! எனக்கு உன்னைத் தெரியாது!" என்று கத்தச் சொல்லுவார்கள். பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் கூட்டத்தில் இந்த மூன்று வாக்கியம் எந்த உதையையும்விட வேகமாக ஆளைச் சேர்க்கும்.

செயின், போன் பறிக்கிறவன் பைக்கில் வருகிறான். அவனோடு மல்லுக்கட்டினால் ரோட்டில் இழுபடுவது நாம்தான், விட்டுவிடுங்கள். பையை ரோட்டுப் பக்கத் தோளில் மாட்டாதீர்கள். வருகிற வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள். கத்தி காட்டினால் கேட்டதைக் கொடுத்துவிட்டோ, எதிர்ப்பக்கம் எறிந்துவிட்டோ ஓடலாம். கத்தியைத் தட்டிப் பறிக்க ஒரு மாதத்தில் கற்றுத்தருகிறேன் என்கிற மாஸ்டரிடமிருந்தும் ஓடலாம். 112 அவசர உதவிக்கு, 181 பெண்களுக்கு. இரண்டும் போனில் பதிந்திருக்கட்டும். தமிழ்நாடு போலீஸின் காவல் உதவி செயலியையும் போட்டு, ஒரு தடவை திறந்து எங்கே அழுத்துவது என்று பார்த்து வையுங்கள்.

"அடிச்சா கேஸ் நம்ம மேல வருமா?" என்று கேட்காதவர் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை தற்காப்பு உரிமை பற்றிய பிரிவுகள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அவை 96 முதல் 106 வரை இருந்தன. உங்கள் உடம்பையும் பொருளையும், பக்கத்தில் இருப்பவர் உடம்பையும் காத்துக்கொள்ள உரிமை உண்டு. ஆனால் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, போலீஸை நாட நேரம் இருக்கும்போது இந்த உரிமையைக் காட்ட முடியாது என்கிறது 37ஆம் பிரிவு. அதாவது பிடியை விடுவித்துக்கொண்டு ஓடுவது தற்காப்பு. விழுந்தவனை நாலு மிதி மிதிப்பது உங்களைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகும்.

எவ்வளவு நாள், எவ்வளவு நேரம்

வாரம் இரண்டு வகுப்பு. அது போக வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், குக்கர் மூன்று விசில் வரும் நேரம் போதும். கட்டாவை ஹாலில் செய்ய இடமில்லை என்றால் கால் அசையாமல் கையை மட்டும் செய்யலாம். முதல் மூன்று மாதம் குமித்தேயில் இறங்க வேண்டாம். இறங்கும்போது பல்லுக்கு வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிக்கிற கார்டு வாங்கிக்கொள்ளுங்கள், நூற்றுக்கணக்கில்தான் விலை, பல் கட்டும் செலவு அப்படி இல்லை.

பெல்ட் டெஸ்டுக்கு மாஸ்டர் கூப்பிட்டால் போங்கள், கூப்பிடாவிட்டால் கேட்க வேண்டாம். நான் எல்லோ பெல்ட் வாங்கிய அன்று ஆபீஸில் மைசூர்பா கொடுத்தேன். அதற்குப் பிறகு எந்தக் கலருக்கும் கொடுக்கவில்லை.

பெரும்பாலோர் நின்றுபோவது ஐப்பசி, கார்த்திகையில். மாடி நனைந்திருக்கும், மைதானத்தில் முழங்கால் தண்ணீர், டிரெஸ் காயாது, பொங்கல் முடிந்து வரலாம் என்று தோன்றும். நான் சேர்ந்த வருடம் பெரியவர்கள் மட்டும் பதினொரு பேர். பொங்கலுக்குப் பிறகு வந்தது நான்கு பேர். அந்த மழை மாதங்களில் மாஸ்டர் வீட்டுக்குக் கீழே, ஸ்கூட்டர்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் நாங்கள் நால்வரும் மாற்றி மாற்றிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். உதைக்க இடமில்லை, கட்டா செய்ய இடமில்லை. பிடியை விடுவிக்க நான்கடி இடம் போதும்.